மோட்டார் ரூம் சுவரில் ஒரு கிணறு

பெரியப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, பலசரக்குக் கடையில் பற்று எழுத வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. 2015 ஆடி முதல் தேதியில் ஆரம்பித்து, தமிழ் மாதம் பிறக்கிற அன்றைக்கும் பதினைந்தாம் தேதியும் தோட்டத்துக் கிணற்றை அளந்து அதில் எழுதி வருகிறார். "ஆவணி 1. கயிறு 19." ஒரு பதிவு அவ்வளவுதான். எப்போதாவது பக்கத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்கும்: "மழை", "வாய்க்கால் வந்துருச்சு", "கரண்டு இல்ல", "சுவர் ஏத்துனது". ஒன்பது வருஷத்துக்கு 216 பதிவு வர வேண்டும், 209 இருக்கிறது.

எனக்கு மதுரையில் ஒரு அலுவலகத்தில் வேலை. மாதாந்திர அறிக்கைகளுக்கு எண்களை வாங்கிப் படமாகப் போட்டுக் கொடுப்பதுதான் நாள் முழுக்க. சித்திரைத் திருவிழா முடிந்து ஊருக்குப் போயிருந்தபோது இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இதை மோட்டார் ரூம் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி பெரிசாக வரைந்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. ஆடிக்குள் வரைந்து முடித்தோம், கார்த்திகை வரைக்கும் திருத்திக்கொண்டிருந்தோம். எந்த இடத்தில் தப்பு நடந்தது, எதை எப்படி மாற்றினோம் என்று எழுதி வைக்கிறேன். வேறு யாரும் தங்கள் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ இதைச் செய்து பார்க்க நினைத்தால் உதவும்.

ஊர் மேலூருக்குக் கிழக்கே. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால் செப்டம்பர் நடுவில் வாய்க்கால் திறப்பார்கள், இல்லாவிட்டால் மழையும் கிணறும்தான். அதனால் "கிணத்துல எவ்வளவு கெடக்கு" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி. எத்தனை குழி நெல் போடலாம், மிச்சத்தில் என்ன போடலாம், மாட்டுக்குத் தீவனப் புல் விடலாமா என்று எல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நைலான் கயிறு, நுனியில் பழைய அரைக்கிலோ இரும்புப் படிக்கல். முழத்துக்கு ஒரு முடிச்சு. முழம் என்றால் பெரியப்பாவின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. கல் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டதும் கயிற்றைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் உச்சியில் பிடித்துக்கொண்டு, மேலே இழுத்தபடியே முடிச்சை எண்ணுவார். நான் டேப் வைத்து ஒவ்வொரு முடிச்சுக்கும் இடைவெளியை அளந்தேன். 18 அங்குலம், 19, 18, பதினெட்டே முக்கால் என்று வந்தது, சராசரி 18.5. ஒன்பது வருஷமும் ஒரே கயிறு, ஒரே கை என்பதால் அந்த எண்களை நம்பலாம் என்று முடிவுசெய்தேன்.

இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா. நிலத்தடி நீர் அளக்கிறவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து, ஒரு முழு அளவு, சரியாக 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், சுவர் உச்சியில் வருகிற வரைக்கும் கீழே விட்டு, மேலே எடுத்து, சாக்பீஸ் நனைந்த இடம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பது. இரண்டு அடி நனைந்திருந்தால் தண்ணீர் 28 அடியில் இருக்கிறது. சத்தத்தை நம்ப வேண்டியதில்லை, ஈரக் கோடே காட்டிக் கொடுத்துவிடும். நான்கு நாள் விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், நானும் பெரியப்பாவும் மாறி மாறி அளந்தோம். அவர் கயிற்றுக்கும் என் டேப்புக்கும் அரை முடிச்சுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை.

மோட்டார் போடுவதற்கு முன்னால் என்று சொன்னேனே, அது முக்கியம். மும்முனை மின்சாரம் ராத்திரி வந்து நான்கு மணி நேரம் மோட்டார் ஓடியிருந்தால் காலையில் கிணறு இன்னும் ஊறிக்கொண்டுதான் இருக்கும், அன்றைக்கு அளந்தால் எண் கீழே இறங்கிக் காட்டும். நோட்டில் அங்கங்கே இரண்டு மூன்று முடிச்சு திடீரென்று இறங்கி அடுத்த தடவை ஏறிவிடுகிறது. "இது என்ன பெரியப்பா?" என்று கேட்டால் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு ராத்திரி கரண்டுத்தா" என்று சொல்லிவிடுவார். அந்த மாதிரிப் பதிவுகளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டேன்.

எக்செல்லில் ஏற்றியதும் வழக்கம்போல ஒரு கோட்டுப் படம் போட்டேன். கிடையாக ஜனவரி முதல் டிசம்பர், நெடுக்காக முடிச்சு எண்ணிக்கை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் காட்டினேன். கோடு பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மேலே மேலே ஏறியிருப்பதை விரலால் தடவிக்கொண்டே, "கோடையிலயா தண்ணி இப்படி ஏறுச்சு? எனக்கு நெனவே இல்லையே" என்றார். நான் போட்டது ஆழம். 25 முடிச்சு என்றால் தண்ணீர் 25 முழம் கீழே போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் காகிதத்தில் அது உச்சியில் நிற்கிறது. கிணறு வற்ற வற்ற கோடு ஏறுகிறது. படம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கண்ணிதான். 2014-ல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையை, மேலிருந்து சிவப்பு ரத்தம் வழிவது போல, நெடுக்கு அச்சைப் பூஜ்யம் மேலே வருகிற மாதிரி தலைகீழாகப் போட்டு வெளியிட்டது. 2005-ல் அங்கே ஒரு தற்காப்புச் சட்டம் வந்த பிறகு கொலைகள் கூடியிருந்தன, ஆனால் படத்தைப் பார்த்த நிறையப் பேர் குறைந்துவிட்டதாகப் படித்தார்கள். அங்கே தலைகீழாகப் போட்டதால் வந்த வினை. இங்கே தலைகீழாகப் போடாததால் வந்த வினை. கூடுவது மேலே போக வேண்டும், இறங்குவது கீழே போக வேண்டும் என்று கண் முன்கூட்டியே ஒரு முடிவோடு வருகிறது, அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது.

அச்சைத் திருப்பினேன். பூஜ்யம் மேலே போய்த் தரை ஆகிவிட்டது, அதற்குக் கீழே கோடு தொங்கியது. பெரியம்மா உடனே படித்துவிட்டார். ஆனால் படத்தில் ஏழு இடத்தில் கோடு திடீரென்று தரையைத் தொட்டுவிட்டு இறங்கியது, கிணறு வாய் வரைக்கும் நிரம்பி வழிகிற மாதிரி. அந்த ஏழும் பதிவு இல்லாத நாட்கள். 2019-ல் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயம், அளக்கவில்லை, நான் அந்தக் கட்டங்களில் 0 என்று அடித்து வைத்திருந்தேன். ஆழம் 0 என்றால் நிறைகிணறு. "தெரியாது" என்பதற்கும் "பூஜ்யம்" என்பதற்கும் இருக்கிற தூரம் இந்த மாதிரி எண்களில் மட்டும் முழுசாக ஒரு கிணறு அளவுக்கு இருக்கிறது! கட்டங்களைக் காலியாக விட்டேன். கோட்டை இணைக்கவும் இல்லை, அறுந்தது அறுந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. 2018-ல் "சுவர் ஏத்துனது" என்று ஒரு வரி. ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்த பிறகு கைப்பிடிச் சுவரை ஒரு முழம் உயர்த்தியிருக்கிறார்கள். அளப்பது சுவர் உச்சியிலிருந்து, ஆக அன்றிலிருந்து எல்லா எண்ணும் ஒன்று கூடுதல். கழித்துப் போட்டேன். பழைய சுவரின் உச்சி இருந்த மட்டத்தில் கிணற்றின் உள்பக்கம் எனாமலில் ஒரு கோடும் அடித்து வைத்தோம், இனிமேல் யார் எதை இடித்துக் கட்டினாலும் அந்தக் கோடுதான் பூஜ்யம்.

எண்கள் சுத்தமானதும் என்ன வடிவம் என்பதில் இரண்டு வாரம் போனது. ஒன்பது வருஷத்தையும் ஒன்பது நிறக் கோடாக ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இடியாப்பம் மாதிரி இருந்தது. அப்புறம் வட்டமாகப் போட்டுப் பார்த்தேன். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் போட்ட படம் ஒன்று உண்டு, கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களை மாதவாரியாக, பூவிதழ் மாதிரி பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்து. காயத்தால் செத்தவர்கள் கொஞ்சம், தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் அவ்வளவு பேர் என்பது நீல இதழ்களின் அளவைப் பார்த்ததுமே தெரியும். அந்த மாதிரி பன்னிரண்டு தமிழ் மாதமும் சுற்றி வர வரைந்ததில் அழகுக்குக் குறைவில்லை, தம்பிக்கு (பெரியப்பாவின் சின்ன மகன், கொத்தனார் வேலைக்குப் போகிறவன்) ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் "மாசியைவிட வைகாசியில் எத்தனை முழம் இறங்கியிருக்கு?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. நைட்டிங்கேல் சொல்ல வந்தது ஒரே ஒரு பெரிய வித்தியாசம், அதற்கு இதழ் போதும். எங்களுக்கு ஒரு முழம், அரை முழம் கணக்கு வேண்டும். 1984-ல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகளின் உயரத்தை மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது, நீளம் அதற்கு அடுத்து, கோணமும் பரப்பளவும் வரவரக் கண் தடுமாறுகிறது. வட்டத்தை அதோடு விட்டேன்.

பெரியப்பாவின் குறை வேறு. காகிதத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதுல ஐப்பசி எங்கத்தா இருக்கு?" என்றார். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்திருந்தேன். எங்கள் பக்கம் ஆண்டு மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி, அந்தத் தண்ணீர் மார்கழி, தையில் கிணற்றில் நிற்கிறது. என் படமோ அந்த ஏற்றத்தை நட்ட நடுவில் வெட்டி, பாதியை வலது ஓரத்திலும் மீதியை இடது ஓரத்திலும் போட்டுவிட்டது. நீரியல் படித்தவர்களும் இதற்காகத்தான் ஜூன் முதல் மே வரை ஒரு நீர் ஆண்டு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நான் ஆடி 1-இல் தொடங்கி ஆனியில் முடித்தேன், நோட்டும் அங்கேதான் தொடங்குகிறது. கிணறு அடிமட்டத்தில் கிடக்கிற மாதம் இடது ஓரம், பள்ளத்திலிருந்து மேடு ஏறி மறுபடி பள்ளத்தில் முடிகிறது. விதைப்பு, நடவு, அறுப்பு எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அளவும் அடியில் போட்டிருந்தேன், முடிச்சுக்கே திரும்பினேன். வீட்டில் எல்லோரும் "பன்னெண்டுல கெடக்கு, பதினஞ்சுல கெடக்கு" என்றுதான் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் எதற்கு அடி?

கடைசியில் வந்த வடிவம் இது. அரை மாதத்துக்கு ஒரு பட்டை, ஆக வருஷத்துக்கு 24 பட்டை. ஒவ்வொரு பட்டையும் ஒரு கிணறு, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி: மேலே வறண்ட பகுதி காவி, கீழே தண்ணீர் நீலம். பட்டை நான்கு அங்குல அகலம், 24-க்கு எட்டு அடி. ஒரு முடிச்சுக்கு ஒன்றரை அங்குல உயரம், கிணறு 31 முடிச்சு ஆழம், ஆக நாற்பத்தாறரை அங்குலம், நான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் ரூமின் கிழக்குச் சுவர் பத்தடி அகலம், வண்டிப்பாதையைப் பார்த்தது. சரியாகப் பொருந்தியது.

பழைய ஒன்பது வருஷத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு, ஒவ்வொரு பட்டையிலும் இரண்டே இரண்டு அடையாளம் வைத்தேன். அந்த அரை மாதத்தில் இதுவரை தண்ணீர் ஏறிய உச்சத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, இறங்கிய அடிமட்டத்துக்கு ஒரு மஞ்சள் முக்கோணம். நிறம் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் வடிவத்தை வைத்துத் தெரிந்துவிடும். இந்த வருஷத்து நீலம் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும், நல்ல வருஷமா கெட்ட வருஷமா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் முக்கோணங்களில் பெரும்பாலானவை ஒரே வருஷத்திலிருந்து வந்தவை. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அதற்கு அடுத்த ஆடியில் நோட்டில் "கயிறு 25. தரை தட்டிருச்சு" என்று இருக்கிறது.

அந்த வரிதான் என்னை இன்னொரு வேலையில் இழுத்துவிட்டது. 25-ல் தரை தட்டியது என்றால் 31 எங்கிருந்து வந்தது? அந்த வருஷம் கிணற்றின் நடுவில் இன்னும் ஆறு முழம் வெட்டி இறக்கியிருக்கிறார்கள். மேல் கிணறு 24 அடிக்கு 24 அடி சதுரம். அடியில் பாறையில் உடைத்து எடுத்த குழி 12-க்கு 12 தான், அதற்கு மேல் கையில் பணம் இல்லை. இதை நான் கவனிக்காமல் ஒரே அகலத்தில் பட்டையை வரைந்திருந்தால், கடைசி ஆறு முடிச்சும் மேலே இருக்கிற ஆறு முடிச்சும் ஒரே அளவு தண்ணீர் மாதிரித் தெரிந்திருக்கும். கணக்குப் போட்டேன். மேல் கிணற்றில் ஒரு முடிச்சு உயரத்துக்குத் தண்ணீர் ஏறத்தாழ 25,000 லிட்டர். குழியில் அதே ஒரு முடிச்சு உயரம் ஏறத்தாழ 6,300 லிட்டர். நான்கில் ஒரு பங்கு. எனவே பட்டையின் கடைசி ஆறு முடிச்சை நான்கு அங்குலத்திலிருந்து ஒரு அங்குலமாகச் சுருக்கி, நடுவில் ஒரு தண்டு மாதிரி இறக்கினேன், இரண்டு பக்கமும் பாறைக்குக் கறுப்பு. இப்போது சுவரில் எந்த இடத்தில் ஒரு சதுர அங்குலம் நீலம் இருந்தாலும் அது ஏறத்தாழ 4,200 லிட்டர். பரப்பளவில் கண் தடுமாறும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், உண்மைதான், ஆனால் உயரத்தைப் படிக்க முடிச்சு அளவு பக்கத்திலேயே இருக்கிறது, அகலம் சொல்ல வேண்டிய சேதி ஒன்றே ஒன்று: இதற்குக் கீழே போனால் இருப்பது கொஞ்சம்தான். இந்த முழுப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஒரு அங்குலத் தண்டுதான்.

சுவர் வேலை தம்பி பொறுப்பு. பழைய வெள்ளையைச் சுரண்டி எடுத்து, கம்பிப் பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கை அடித்து ஒரு நாள் காயவிட்டோம். மேல்கோட்டை, அதாவது தரை மட்டத்தை, டியூப் லெவல் பிடித்துக் குறித்தான். மோட்டார் ரூம் தரையே ஒரு பக்கம் அரை அங்குலம் சரிவு, தரையிலிருந்து அளந்து போட்டிருந்தால் தண்ணீர் மட்டம் எட்டடியில் சாய்ந்திருக்கும். நெடுக்குக் கோடுகளுக்கு முதல் கோடும் கடைசிக் கோடும் தூக்குக்குண்டு, நடுவில் எல்லாம் நூல் அடித்தோம். நூலில் நீலப் பொடி தடவி, இரண்டு முனையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். முதல் நாள் 24 பட்டைக்கும் நூல் அடித்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மாஸ்கிங் டேப்பை நன்றாகக் காய்ந்த பிறகு உரித்ததில் நான்கு இடத்தில் பெயிண்ட் தோலாகச் சேர்ந்து வந்துவிட்டது, அடுத்த வரிசையில் கைக்கு ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மெதுவாக, மடக்கின மாதிரி உரித்தோம், ஓரம் கத்தி வெட்டினது போல நின்றது.

இடது ஓரத்தில் ஒரு கயிறு வரைந்தோம், 31 முடிச்சோடு, அதுதான் அளவுகோல். எண் ஐந்து முடிச்சுக்கு ஒன்றுதான். நிஜக் கயிற்றைப் பிடித்து எண்ணிப் பழகிய கைக்கு அதுவே போதும்.

காவி அடித்து முடித்து 24 பட்டையும் வெறுமனே நின்றபோது அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, கோயில் சொவரு மாதிரி பட்ட அடிச்சு வச்சிருக்கீக" என்றார். எனக்கு அது பெரிய பாராட்டாக இருந்தது. எட் ஹாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் காலநிலை விஞ்ஞானி 2018-ல் பூமி சூடாவதைக் காட்ட எண்ணே இல்லாமல் வெறும் நீல, சிவப்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தினார், உலகம் முழுக்க ஆட்கள் அதைச் சட்டையிலும் துணியிலும் போட்டுக்கொண்டார்கள். பட்டை என்றால் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும், நமக்கு அது கோயில் மதிலில் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

இந்த வருஷத்து நீலத்தை மட்டும் எமல்ஷனில் அடிக்கவில்லை. அடுத்த ஆடியில் அழித்து மறுபடி போட வேண்டுமே என்று சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து பூசினோம். ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் அழகாக நின்றது. ஐப்பசி இரண்டாவது வாரம் ராத்திரி முழுக்கக் கிழக்கேயிருந்து சாரலோடு மழை. காலையில் போய்ப் பார்த்தால் பட்டைகளில் இருந்த நீலம் எல்லாம் கரைந்து, காவிமேல் வழிந்து, கீழே மண்ணில் நீலக் குட்டையாகத் தேங்கியிருந்தது. வருஷத்திலேயே கிணறு ஏறுகிற வாரத்தில் படம் அழிந்துபோனதில் எனக்கு ரொம்பவே மனசு விட்டுப்போனது. தம்பி தகர ஷீட்டில் இரண்டடி நீட்டிச் சாய்ப்பு இறக்கினான். சுண்ணாம்புக் கலவையில் கொஞ்சம் பெவிகால் சேர்த்தோம், தண்ணீர் பட்டால் உடனே வழியாது, கம்பிப் பிரஷ் போட்டால் வந்துவிடும். நோட்டில் எண் இருந்ததால் மூன்று மாதத்துப் பட்டைகளையும் ஒரே சாயங்காலத்தில் மறுபடி ஏற்றிவிட்டோம்.

வாய்க்காலுக்கு என்று தரைக்கோட்டுக்கு மேலே ஒரு அங்குலப் பச்சை வரி விட்டிருந்தோம். தண்ணீர் ஓடுகிற அரை மாதத்துக்குப் பச்சை, ஓடாததற்கு வெறும் வெள்ளை. ஆவணி கடைசியில் வாய்க்கால் வந்தது, புரட்டாசி 1-இல் அளந்தபோது கிணறு அசையவில்லை, புரட்டாசி 15-இல் மூன்று முடிச்சு ஏறியிருந்தது. மழை அப்போது பெரிதாக இல்லை. "வாய்க்கா வந்தா கெணறு ஊறும்" என்று பெரியப்பா காலங்காலமாகச் சொல்வதுதான், ஆனால் எத்தனை நாள் கழித்து, எத்தனை முழம் என்பதைப் பச்சை வரியும் அதற்குக் கீழே நீலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோதுதான் அவரே விரல் வைத்து எண்ணினார். மறுநாள் காலையில் ஈயப் பாத்திரத்தில் காப்பியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாதையில் போகிறவர்கள் நின்று பார்ப்பது பழகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பையன், பத்தாவது படிக்கிறான், ஒரு நாள் பேப்பரோடு வந்தான். மதுரைப் பக்கம் வைகை அணை மட்டம் பார்க்காமல் பேப்பர் மடிக்கிறவர்கள் குறைவு. 71 அடி அணை, 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று டீக்கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். "அக்கா, அணையில முப்பத்தஞ்சரை அடி இருந்தா பாதித் தண்ணி இருக்குன்னுதான அர்த்தம்?" என்று கேட்டான். நம் கிணறு மாதிரி நேர்ச்சுவராக இருந்தால் சரி. அணை அப்படி இல்லை, அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக விரிகிறது. வாயால் சொன்னால் ஏறவில்லை. பெரியம்மாவிடம் எண்ணெய் ஊற்றுகிற ஸ்டீல் புனலை வாங்கி, ஓட்டையைக் கோதுமை மாவு உருண்டையால் அடைத்து, உள்ளே உயரத்தில் பாதியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சின்ன டம்ளரால் ஊற்றச் சொன்னேன். பாதிக் கோட்டைத் தொட ஒரு டம்ளர் போதுமாக இருந்தது. புனல் நிரம்ப இன்னும் ஏறத்தாழ ஏழு டம்ளர் பிடித்தது. கூம்பு என்றால் பாதி உயரத்துக்கு எட்டில் ஒரு பங்குதான். அணை அச்சுக் கூம்பு இல்லை என்றாலும் போக்கு இதுதான். முழுக் கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி, அதில் பாதி உயரத்தில் நிற்பது பாதியைவிட மிகவும் குறைவு. மேலே ஒரு அடி ஏறுவதற்கும் அடியில் ஒரு அடி ஏறுவதற்கும் தண்ணீரில் அவ்வளவு வித்தியாசம். பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப பேப்பர்ல அடிய மட்டும் போட்டா எப்படிக்கா?" என்றான். பேப்பரில் நீர் இருப்பும் மில்லியன் கன அடியில் பக்கத்திலேயே போடுவார்கள், அதைக் காட்டினேன். இப்போது அவன் அந்த இரண்டாவது எண்ணை முதலில் படிக்கிறானாம்.

செலவு: பிரைமர், எமல்ஷன், டேப், பிரஷ் எல்லாம் 2,300 ரூபாய், சாய்ப்புக்குத் தகரம் வீட்டில் கிடந்தது. ஆள் கூலி இல்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை.

மறுபடி செய்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் "வழக்கமாக இவ்வளவு" என்று ஒரு அடையாளம் இல்லை. பெரியம்மா அதைத்தான் தேடுகிறார். ஒன்பது வருஷத்தை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கிற எண்ணை எடுத்துச் சின்னதாக ஒரு புள்ளி வைத்தால் தீரும், அடுத்த ஆடிக்குள் வைத்துவிடுவேன். இன்னொன்று, அந்த ஏழு பதிவு இல்லாத நாட்கள் இந்தச் சுவரில் எங்கேயுமே தெரியவில்லை. உச்சமும் அடிமட்டமும் மட்டும் காட்டினால் ஓட்டைகள் மறைந்துவிடுகின்றன. அந்தப் பட்டைகளின் தலையில் எத்தனை வருஷத்துக் கணக்கு என்று சின்னதாக எண் போடலாமா, அது படத்தை நெரிசலாக்குமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கார்த்திகை 1, காலை ஆறரை மணி. பெரியப்பா கயிற்றை விட்டார், தம்பி எண்ணினான், ஒன்பது. வெள்ளைக் கோட்டுக்கு இன்னும் நான்கு முடிச்சு கீழே. நான் பிரஷ்ஷால் நீலத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து நின்றார், பையனின் அப்பா. தங்கள் கிணற்றுக்கும் ஒன்று வேண்டுமாம், அவர்களிடம் நோட்டு கிடையாது, இன்றைக்கே தொடங்கலாமா என்றார். அவர்களுடையது வட்டக் கிணறு, 20 அடி விட்டம். 314 சதுர அடி, எங்களுடையது 576. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் பட்டை நான்கு அங்குலம் இருக்கக் கூடாது, இரண்டேகால் அங்குலத்துக்கும் அரை நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) குறைவாக வர வேண்டும். தம்பியிடம் நூலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.